கழிவுக் குன்றும் வானத்துக் கண்ணும்

(முதுகலைப் புவியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரை)

முன்னுரை

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தேவாரத்துக்கு அருகே உள்ள சிற்றூர் பொட்டிப்புரம். மானாவாரி நிலங்களும், தோட்டக் கிணறுகளும், மலையோரம் மேயும் மாடுகளுமாக அமைதியாக இருந்த இவ்வூரின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டதற்குக் காரணம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். இங்குள்ள மலையின் அடியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதை குடைந்து, எல்லாத் திசையிலும் 1 கிலோமீட்டர் பாறை மூடியிருக்கும் ஆழத்தில் ஓர் ஆய்வுக் கூடம் அமைப்பதென்று திட்டமிட்டு, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊர் மக்களின் அச்சமும் எதிர்ப்பும், நீதிமன்ற வழக்குகளும் தொடர்ந்தன. 2022 பிப்ரவரியில் இத்திட்டம் தனக்கு ஏற்புடையதன்று எனத் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இன்றுவரை அங்கே சுரங்கம் குடையப்படவில்லை.

அத்திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. என் ஊர் பொட்டிப்புரத்துக்குப் பக்கத்து ஊர். விடுமுறையில் சென்றிருந்தபோது புளியமரத்தடியில் இந்தப் பேச்சு மறுபடியும் எழுந்தது. மலைமாடு மேய்த்தே வாழ்நாளைக் கழித்த என் பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏப்பா, நீ பூமியப் பத்தித்தானே படிக்கிற? மலையக் கொடஞ்சிருந்தா மலை மலையா கல்லு வந்திருக்கும். அதக் குமிச்சுப் போட்டா அதுல புல்லு மொளைக்குமா? மொளைச்சா எத்தன வருசத்துல மொளைக்கும்?"

ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் கதிரியக்கத்தைப் பற்றியும், அணைகளைப் பற்றியும், அறிவியல் பெருமையைப் பற்றியும் எவ்வளவோ பேசினார்கள். மாடு மேய்ப்பவருக்குத் தோன்றிய கேள்வி புல்லைப் பற்றியது. என்னிடம் அதற்கு விடை இல்லை. "பார்த்துச் சொல்றேன் பெரியப்பா" என்று மட்டும் சொன்னேன். அந்த விடையைத் தேடிப் போன வழியே இக்கட்டுரை.

மூன்று வகைக் கழிவுகள்

சுரங்கக் கழிவு என்றவுடன் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. கழிவின் தன்மைக்கு ஏற்பவே அதன் மேல் செடி வளர்வதும் வளராததும் அமைகின்றன. நமக்குத் தெரிந்த மூன்று இடங்களை எடுத்துக் கொள்வோம்.

முதலாவது கோலார் தங்க வயல். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை 1965இல் பதிவு செய்த ஆய்வுகளுள் ஒன்று நடந்ததும் அச்சுரங்கத்தின் ஆழத்திலேதான். எனவே பொட்டிப்புரத்துக்கும் கோலாருக்கும் ஒருவகை உறவு உண்டு எனலாம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மாவு போன்ற கழிவு, 3 கோடி டன்னுக்கும் மேற்பட்டது, நகரைச் சுற்றிலும் 'சயனைடு மேடு' என்ற பெயரில் குன்றுகளாக நிற்கிறது. காற்றடி காலத்தில் அதன் தூசி வீடுகளுக்குள் வருகிறது. சத்தும் இல்லை, ஈரமும் நிற்பதில்லை. ஆகவே செடி எளிதில் வேர் கொள்வதில்லை.

இரண்டாவது நெய்வேலி. 1957இல் அங்கே சுரங்கப் பணி தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1 டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அகற்ற வேண்டும். அகற்றிய மண் முதலில் வெளியே குன்றாகக் குவிக்கப்பட்டது. பின்னர் வெட்டி முடித்த பள்ளத்திலேயே நிரப்பப்பட்டு வருகிறது. இந்தக் கழிவு மணலும் களியும் கலந்தது. சத்துக் குறைந்ததாயினும் மண் என்ற இனத்தைச் சேர்ந்தது. தழையுரமும் தண்ணீரும் கொடுத்துப் பல ஆண்டுகள் பக்குவப்படுத்தினால் மரம் வளர்கிறது, பயிரும் விளைகிறது.

மூன்றாவது பொட்டிப்புரத்தில் குடைந்திருந்தால் வெளிவந்திருக்கக் கூடிய கழிவு. அந்த மலை சார்னோகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. சென்னைப் பரங்கிமலையில் காணப்படுவதும் இதே இனப் பாறைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனதால் அவர் பெயரே இதற்கு ஏற்பட்டது. பல லட்சம் டன் பாறை வெளிவரும் என்று கணக்கிட்டார்கள். பாறை உடைந்தால் மலைக்குள் இருந்ததைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். இந்தக் கல்லில் நஞ்சு கலப்பதில்லை என்பது ஒரு நன்மை. ஆனால் கல் மண்ணாவதற்கு மனித ஆயுள் போதாது. கல்லிடுக்கில் பெய்த மழை நில்லாமல் கீழே இறங்கிவிடும். மேலே மண் பரப்பினாலொழிய அங்கே புல்லுக்கு இடமில்லை.

எனவே 'முளைக்குமா?' என்ற கேள்விக்கு 'எந்தக் கழிவு, மேலே என்ன பரப்பினார்கள், எவ்வளவு மழை' என்பதே முதல் விடை. 'எத்தனை ஆண்டுகளில்?' என்ற அடுத்த கேள்விக்கு விடை காண ஆண்டுதோறும் பார்த்து அளக்க வேண்டும். குன்று பெரிது, சரிவு செங்குத்து, ஏறி அளப்பது கடினம். இந்த இடத்தில்தான் வானத்துக் கண்ணாகிய துணைக்கோள் நமக்கு உதவுகிறது.

இலை காட்டும் இரகசியம்

துணைக்கோள் 600, 700 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு செடியை எவ்வாறு அறிகிறது? இலை நமக்குப் பச்சையாகத் தோன்றுவதன் காரணம் நாம் அறிந்ததே. இலையிலுள்ள பச்சையம் உணவு தயாரிக்கச் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக் கொள்கிறது. பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றும் அங்கே நடக்கிறது. சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்புக் கதிரை இலையின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற திசு மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்கள் அக்கதிரைக் காணக்கூடுமானால், மழை பெய்த கார்த்திகை மாதத்துக் கம்பம் பள்ளத்தாக்கு கண்ணைக் கூசச் செய்யும்!

வெறுங்கல்லும் காய்ந்த மண்ணும் இப்படிச் செய்வதில்லை. அவை சிவப்பையும் அகச்சிவப்பையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்புகின்றன. இந்த வேறுபாடே நமக்குத் திறவுகோல்.

இந்தத் திறவுகோலை இந்தியாவில் முதலில் பயன்படுத்திய இடம் நம் மலைக்கு அந்தப் பக்கம்தான் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் பிஷாரத் ராம பிஷாரட்டி அவர்கள், 1970இல் கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படம் பிடிக்கச் செய்தார். வேர் வாடல் நோய் கண்ட தென்னைகளை நல்ல தென்னைகளிலிருந்து அப்படங்கள் பிரித்துக் காட்டின. அதன் பிறகே நம் நாட்டில் துணைக்கோள் வழி நிலத்தைப் படிக்கும் கலை வளர்ந்தது.

கணக்கு எளிது

சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய இரண்டின் அளவையும் கொண்டு ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். இதற்கு என்.டி.வி.ஐ. என்று பெயர், நாம் 'தாவரக் குறியெண்' என்போம். அமெரிக்கப் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள் 1970களின் தொடக்கத்தில் இதனைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். விதி இதுதான்: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்க வேண்டும், வரும் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தழைத்த தோப்பு ஒன்று, தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 8 பங்கையும், அகச்சிவப்பில் 40 பங்கையும் (100க்கு) திருப்புவதாகக் கொள்வோம். 40இலிருந்து 8 போக 32. கூட்டினால் 48. 32ஐ 48ஆல் வகுத்தால் 0.67. கல்குவியல் ஒன்று சிவப்பில் 20 பங்கும், அகச்சிவப்பில் 25 பங்கும் திருப்புவதாகக் கொள்வோம். வேறுபாடு 5, கூட்டு 45, விடை 0.11. தண்ணீருக்குப் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே வரும். ஆக, எண் உயர உயரப் பசுமை மிகுகிறது.

வேறுபாட்டை மட்டும் எடுக்காமல் ஏன் வகுக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். மலைச்சரிவில் ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலும் விழும். நிழலில் இரண்டு கதிர்களுமே குறையும். வகுப்பதால் அந்தக் குறை பெருமளவு நீங்கிவிடுகிறது. குன்று போன்ற இடங்களுக்கு இது மிகவும் தேவை.

இன்னொரு குறையும் உண்டு. கழிவுக் குன்றில் செடிகள் இடைவெளி விட்டே வளரும். நடுவே கல்லும் மண்ணும் தெரியும். அந்த மண்ணின் நிறமும் ஈரமும் குறியெண்ணை ஏமாற்றிவிடும். இதனைத் திருத்த 1988இல் ஹியூட் என்ற அறிஞர், மண்ணின் ஒளிர்வுக்கு ஈடு செய்யும் மற்றொரு குறியெண்ணை அமைத்தார். செடி அடர்த்தி குறைந்த இடங்களில் அதனையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

புள்ளியின் பரப்பு

துணைக்கோள் படம் சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளிக்குள் அடங்கிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான் கிடைக்கும். எனவே புள்ளியின் அளவை அறியாமல் படத்தைப் படிக்கலாகாது. இதனை நம் ஊர்க் கணக்கான செண்டில் சொன்னால் தெளிவாக விளங்கும்.

1972 ஜூலையில் அமெரிக்கா அனுப்பிய முதல் லாண்ட்சாட் கோளின் புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் சதுரம். அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். 1982 முதல் வந்த லாண்ட்சாட் கோள்களில் அது 30 மீட்டராகக் குறைந்தது. சுமார் 22 செண்டு. 1988 மார்ச்சில் ஏவப்பட்ட நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ கோளில் 72 மீட்டர், 36 மீட்டர் என இருவகைப் படங்கள் கிடைத்தன. 2003இல் சென்ற ரிசோர்ஸ்சாட் கோளின் கருவி ஒன்று 6 மீட்டருக்கும் குறைவான புள்ளியைத் தந்தது. 2015 முதல் இயங்கும் ஐரோப்பிய சென்டினல் 2 கோள்களில் புள்ளி 10 மீட்டர். சுமார் இரண்டரை செண்டு.

பொட்டிப்புரத்தில் ஆய்வகத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 66 ஏக்கர். முதல் லாண்ட்சாட் படத்தில் இந்நிலம் முழுவதும் ஏறத்தாழ 40 புள்ளிகளில் அடங்கிவிடும். 30 மீட்டர் படத்தில் 300 புள்ளிகள். சென்டினல் படத்தில் 2,700 புள்ளிகள். பழைய படம் மங்கலானது, புதிய படம் தெளிவானது என்று இதனால் விளங்கும். ஆயினும் பழைய படத்தைத் தள்ளிவிடக் கூடாது. நாம் பிறப்பதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்று சொல்லும் சாட்சி அது ஒன்றே. லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம் கல்லூரிக் கணிப்பொறியில் அமர்ந்தே அவற்றைப் பெறலாம்.

நாட்டில் நடைபெறும் கண்காணிப்பு

இம்முறை வெறும் ஏட்டுக் கல்வி அன்று. ராஞ்சியிலுள்ள மத்திய சுரங்கத் திட்டமிடல் வடிவமைப்பு நிறுவனம், கோல் இந்தியாவின் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களை 2008ஆம் ஆண்டு முதல் துணைக்கோள் படங்களால் கண்காணித்து வருகிறது. நிலக்கரியும் மேல்மண்ணும் சேர்த்து ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் தோண்டும் சுரங்கங்களை ஆண்டுதோறும், அதற்குக் குறைவானவற்றை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பார்ப்பதென்பது அதன் முறை. தோண்டிக் கொண்டிருக்கும் இடம், மண் நிரப்பிய இடம், மரம் நட்ட இடம் என்று நிலத்தை வகை பிரித்து, ஆண்டுக்கு ஆண்டு எந்த வகை கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிடுகிறார்கள். 'மரம் நட்டுவிட்டோம்' என்ற வாய்ச்சொல்லுக்கு வானத்திலிருந்து ஒரு சாட்சி கிடைக்கிறது.

அமெரிக்காவில் 1977இல் இயற்றப்பட்ட மேற்பரப்புச் சுரங்கச் சட்டம் சிந்திக்கத்தக்க ஒரு விதியைக் கொண்டது. சுரங்கம் நடத்தியவர் நிலத்தில் மறுபடியும் செடி வளர்த்துக் கொடுக்க வேண்டும். கடைசியாக விதை, உரம், தண்ணீர் கொடுத்த ஆண்டுக்குப் பின் முழுதாக 5 ஆண்டுகள் அவரே பொறுப்பு. மழை 26 அங்குலம் அல்லது அதற்குக் குறைவான பகுதியானால் 10 ஆண்டுகள். தண்ணீர் ஊற்றும்வரை பச்சையாக இருப்பது பெரிதன்று. நிறுத்திய பிறகும் இருக்கிறதா என்பதே சோதனை. இச்சோதனையை ஆண்டுதோறும் நடத்தத் துணைக்கோளைப் போல் பொறுமையான கண்காணிப்பாளர் யார் இருக்கிறார்?

நம் நாட்டிலும் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சுரங்கக் குத்தகைதாரர்கள் வேலை முடிந்தபின் அந்நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்றும், தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரத்தக்க நிலைக்கு அதனைக் கொண்டுவர வேண்டும் என்றும் குத்தகை நிபந்தனையில் சேர்க்குமாறு அது மத்திய அரசைப் பணித்தது. 'தீவனம்' என்ற சொல்லை நண்பர்கள் கவனிக்க வேண்டும். என் பெரியப்பா கேட்டதும் அதையேதான்.

என் சிறு முயற்சியும் நான் செய்த தவறும்

பொட்டிப்புரத்தில் சுரங்கமே குடையாததால் அங்கே அளக்கக் கழிவு இல்லை. ஆனால் எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி, கைவிடப்பட்ட கல்குழி ஒன்று இருக்கிறது. உடைகல்லும் தூசியும் மேல்மண்ணும் கலந்து ஒன்றரை ஏக்கர் அளவுக்குக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் ஆய்வேட்டுக்கு அதையே எடுத்துக் கொண்டேன்.

முதல் லாண்ட்சாட் படத்தில் அந்தக் குவியல் இருக்கும் இடம் முழுவதும் ஒரே புள்ளி! 30 மீட்டர் படங்களில் ஆறேழு புள்ளிகள். சென்டினல் படத்தில் சுமார் 60 புள்ளிகள் கிடைத்தன. குவியலின் ஓரப் புள்ளிகளில் பக்கத்துத் தோட்டத்துப் பயிரும் கலந்துவிடுகிறது என்று என் பேராசிரியர் சுட்டிக்காட்டியதால் அவற்றை நீக்கினேன். உள்ளே எஞ்சியவற்றுக்கு மட்டும் குறியெண் கணக்கிட்டேன்.

எந்த மாதப் படத்தை எடுப்பது என்பது அடுத்த சிக்கல். நம் பள்ளத்தாக்குக்குத் தென்மேற்குப் பருவத்தில் மேகம் வருகிறது. மழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே பெய்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கரடுகளில் புல் எழும்பும். அப்போது வானம் மூட்டமாக இருப்பதால் படம் தெளிவாகக் கிடைப்பதில்லை. எனவே மேகமற்ற கோடைப் படங்களாகப் பார்த்து, ஏப்ரல் மாதத்தையே ஆண்டுதோறும் எடுத்து அடுக்கினேன். குறியெண் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது. குவியலின் தென்பகுதி, கோடையிலும் சுற்றியுள்ள கரட்டைவிடப் பசுமையாக இருந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. 'கைவிடப்பட்ட கல்குழிக் கழிவு தானாகவே மீண்டுவிட்டது' என்று முடிவுரையைக் கூட எழுதிவிட்டேன்.

வண்ணப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று பெரியப்பாவிடம் காட்டினேன். பசுமை மிகுந்த இடத்தை விரலால் தொட்டு, "இங்க பாருங்க பெரியப்பா, கோடையிலயும் பச்சையா இருக்கு" என்றேன். அவர் படத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"அது வேலிக்கருவை அப்பு. அதோட நெத்த மாடு திங்கும், எலையத் தொடுமா?" என்றவர், துண்டைத் தோளில் போட்டுக் கொண்டு எழுந்தார். "வா, போயிப் பாப்போம்."

இருவரும் நடந்தோம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பசுமையான தென்பகுதி முழுவதும் சீமைக் கருவேல். அதன் அடியில் ஒரு புல் கூட இல்லை. குவியலின் வடபகுதியில் மேல்மண் அதிகம் விழுந்திருந்தது. என் படத்தில் அது பழுப்பாக, செடியே இல்லாத இடமாகத் தெரிந்தது. அங்கே போய் நின்றால் கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்! பெரியப்பா ஒரு கொத்தைப் பறித்து என் கையில் கொடுத்தார். கொழுக்கட்டைப் புல். மாடுகள் விரும்பி மேயும் புல். கார்த்திகையில் தழைத்து, தை மாதத்தில் கதிர் தள்ளி, கோடையில் காய்ந்து நிற்கிறது. காய்ந்த புல்லில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாததால் குறியெண்ணும் இல்லை. ஆனால் தீவனம் இருக்கிறது!

ஆக, என் படம் வெற்றி என்று காட்டிய இடத்தில் மாட்டுக்கு உணவில்லை. தோல்வி என்று காட்டிய இடத்தில் உணவு இருந்தது. துணைக்கோள் பொய் சொல்லவில்லை. 'இங்கே பச்சையம் எவ்வளவு?' என்று நான் கேட்டேன்; அது சரியாகவே விடை கூறியது. 'இங்கே மேய்ச்சல் உண்டா?' என்பது வேறு கேள்வி. ஒரு கேள்விக்குரிய விடையை மற்றொரு கேள்விக்கு எழுதியதே என் தவறு.

திருத்திய முறை

வீடு திரும்பியதும் முடிவுரையை அடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். இம்முறை ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு படங்களை எடுத்தேன்: மழை ஓய்ந்து வானம் தெளிந்த ஜனவரியில் ஒன்று, கோடையில் ஒன்று. ஜனவரியில் உயர்ந்து, ஏப்ரலில் சட்டென்று விழும் புள்ளிகள் புல். இரு மாதங்களிலும் பெரிதும் மாறாமல் பசுமையாக நிற்பவை கருவேல். இரண்டிலும் தாழ்ந்தே இருப்பவை வெறுங்கல். எண்ணின் உயரத்தைவிட எண்ணின் ஏற்ற இறக்கமே செடியின் இனத்தைச் சொல்லுகிறது என்று கண்டேன். பிறகு கைப்பேசியின் இடங்காட்டியை வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த புள்ளிகளுக்கு நேரில் சென்று, என்ன செடி என்று பெரியப்பாவைக் கேட்டுக் குறித்தேன். எனக்குத் தாவரவியல் பெயர் தெரிந்த செடிகள் சில. அவருக்கு ஊர்ப் பெயர் தெரியாத செடி ஒன்றும் இல்லை.

இந்த அனுபவத்திலிருந்து, இத்துறையில் இறங்க விரும்பும் நண்பர்களுக்குச் சில குறிப்புகளைக் கூற விரும்புகிறேன்.

ஒன்று: தோண்டுவதற்கு முன்பே பல ஆண்டுகளுக்கான படங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். முன்பு எவ்வளவு பசுமை இருந்தது என்று தெரியாவிட்டால், பின்பு வந்தது மீட்சியா வீழ்ச்சியா என்று எவ்வாறு சொல்வது?

இரண்டு: ஒரே பருவத்துப் படங்களையே ஒப்பிட வேண்டும். ஓர் ஆண்டின் தை மாதத்தையும் மறு ஆண்டின் சித்திரையையும் ஒப்பிடுவது, உண்டவன் எடையையும் பட்டினி கிடந்தவன் எடையையும் ஒப்பிடுவது போலாகும்.

மூன்று: கழிவுக் குன்றை மட்டும் பார்க்காமல், அருகே தோண்டப்படாத கரடு ஒன்றையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் இரண்டும் பசுமையாகும். அப்பசுமை மழையின் புகழே தவிர, மரம் நட்டவரின் புகழ் அன்று.

நான்கு: வானத்துக் கணக்கைத் தரையில் சரிபார்க்காமல் எழுதலாகாது. அந்தத் தரையை நாள்தோறும் மிதிப்பவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது மிகமிக நல்லது.

முடிவுரை

வானத்துக் கண் கூர்மையானது, களைப்பறியாதது, எவர் பக்கமும் சாயாதது. ஒரு கழிவுக் குன்றின் 40, 50 ஆண்டு வரலாற்றை அது நமக்கு எடுத்துக் காட்டும். 'பசுமையாக்கிவிட்டோம்' என்று சொல்பவரிடம் சிற்றூர் மக்களும் 'காட்டுங்கள்' என்று கேட்கலாம். அவர் காட்டாவிட்டால் தாங்களே எடுத்துப் பார்க்கலாம். இதற்கு முன்பு எளிய மக்களுக்கு இத்தகைய வாய்ப்பு இருந்ததில்லை. ஆனால் பச்சை வேறு, மேய்ச்சல் வேறு. வண்ணப் படத்தில் பச்சை மிகுந்திருப்பதைக் காட்டி நிலம் மீண்டுவிட்டது என்று யாரேனும் சொன்னால், அது என்ன பச்சை என்று நாம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காத குறையால் நானே ஏமாந்தேன்.

ஆய்வேட்டை முடித்தபின் ஊருக்குச் சென்று பெரியப்பாவிடம் விடை கூறினேன்: "வெறுங்கல்லக் குமிச்சா மொளைக்காது பெரியப்பா. மேல மண்ணப் பரப்பி, கருவை ஏறவிடாமப் பாத்துக்கிட்டா புல்லு வரும். எத்தன வருசம்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா வருசா வருசம் ரெண்டு தடவ பாத்துக்கிட்டே இருந்தா, வருதா வரலையான்னு சொல்லிரலாம்."

அவர் சிறிது நேரம் யோசித்தார். "சரித்தான். பாக்குறதுக்கு ஆளு வேணும்ல?" என்றார்.

வானத்தில் கோள்கள் இருக்கின்றன. அவை நாள்தோறும் பார்க்கின்றன. அவை அனுப்பும் படங்களை எடுத்துப் படிக்கவும், படித்ததைத் தரையில் நடந்து சரிபார்க்கவும் ஆள் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, இக்கல்லூரியில் பயிலும் நம்மைவிட அதற்கு உரியவர்கள் வேறு யார்? அடுத்த ஆண்டு இத்துறைக்கு வரும் தம்பி தங்கையருக்கு அந்தக் குவியலின் படங்களையும் குறிப்புகளையும் துறை நூலகத்தில் வைத்துச் செல்கிறேன். தை மாதப் படத்தை அவர்கள் எடுப்பார்களாக!